மல்லிகா சிஸ்டரின் லைட் பேஷண்ட்

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். 8.10 பஸ்ஸில் பெரம்பலூர். மனைவி மல்லிகாவுக்கு ஜன்னல் சீட். அரியலூர்–பெரம்பலூர், நான் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய ரூட். பின்சீட்டில் உட்கார்ந்து போவது இன்னும் பழகவில்லை. பிரேக் போடுகிற இடத்தில் எல்லாம் என் வலது கால் தானாக அழுத்துகிறது.

டாக்டரம்மா கேட்டது மூன்றே கேள்வி. எத்தனை மணிக்குப் படுக்கிறாள், எத்தனை தடவை எழுகிறாள், பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறாள். ஒன்றுக்கும் சரியான பதில் தெரியவில்லை. "ராத்திரி பூரா முழிச்சிருக்காங்க" என்றேன்.

"பூரா முழிச்சிருக்க முடியாதுங்க. நேரம் போட்டு எழுதிட்டு வாங்க."

அதற்குத்தான் இந்த டைரி. உரக்கடையில் கொடுத்தது, ஜனவரியிலிருந்து அலமாரியில் கிடந்தது. நேரங்களை மட்டும் தனித்தாளில் எழுதிக் காட்டுவேன். மற்றது எனக்கு.

அவர் சொன்னதில் நினைவிருப்பவை:

— மறதி நோயில் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் தடுமாறும். பகல் எது, இரவு எது என்று பிடிபடாது.
— காலையில் நல்ல வெளிச்சம் கண்ணில் படவேண்டும். தினமும் ஒரே நேரம். வெயிலில் உட்கார்ந்தால் போதும். வெயில் இல்லாத நாளுக்கு அதற்கென்றே லைட்டுப் பெட்டி விற்கிறது. அரைமணி நேரம். எதிரே இருக்கவேண்டும், லைட்டையே முறைத்துப் பார்க்கக் கூடாது.
— முதலில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான். (கண்புரை ஆபரேஷன் ஆனவள்.)
— பகல் தூக்கம் குறைய வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் பளிச் வெளிச்சம், டி.வி. வேண்டாம்.
— தலைவலி, படபடப்பு வந்தால் நிறுத்திவிட்டு போன் பண்ண வேண்டும்.

"இதுல ஞாபகம் திரும்பி வராதுங்க. தூக்கத்துக்கும் மனசுக்கும் கொஞ்சம் உதவலாம். எல்லாருக்கும் கேக்கும்னும் சொல்ல மாட்டேன். செஞ்சு பாக்கலாம்" என்றார். ஒளிக்காமல் சொன்னது பிடித்தது.

அதே தெருவில் கண் டாக்டர். பார்த்துவிட்டு, தடையில்லை என்றார்.

திரும்பும்போது முன்சீட்டில் இரண்டு பெண்கள். "மழையில மக்காச்சோளம் பூரா சாஞ்சிருச்சு." "எங்களுக்கும்தான்." மல்லிகா என் காதில், "இவங்கள்லாம் யாரு? நம்ம வூட்டுக்கா வராங்க?"

நவம்பர் 5, புதன்

ம. (இனி மல்லிகாவுக்கு இதுவே.)
தூக்கம்: 10.30–12, 2–3.30. எழுந்தது 4 தடவை. பகலில் 9–11.30, பிறகு 2–4. கூட்டினால் இரவை விட பகலில் அதிகம். எழுதிப் பார்க்கும் வரை தெரியவில்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் ஸ்டாஃப் நர்ஸ். பாதி சர்வீஸ் பிரசவ வார்டு. நைட் டூட்டிக்கு அவள் போகிற ஆறரை பஸ்ஸைப் பல நாள் நானே ஓட்டியிருக்கிறேன். ரிட்டையர் ஆகி ஏழு வருடம். மறதி தொடங்கி மூன்று. இப்போதும் சாயங்காலம் ஐந்தரை ஆனால் டூட்டி வந்துவிடுகிறது. பேக்கைத் தேடுவாள், தலை சீவுவாள், வாசலுக்குப் போவாள். "ஆறரை பஸ் போயிடும். வழிய வுடுங்க."

நான் வழி விடுவதில்லை. அப்புறம் ஒரு மணி நேரம் போராட்டம்.

இன்னொன்று எழுதியாக வேண்டும். அவள் இடது மணிக்கட்டில் நீலமாக ஒரு தடிப்பு. ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்து ரோட்டுக்கு இறங்கிவிட்டாள். சுண்ணாம்புக்கல் லாரி வந்துகொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். லாரிக்காகத்தான் பிடித்தேன். ஆனால் லாரி போன பிறகும் விடவில்லை. வீட்டுக்குள் வந்தும் விடவில்லை. கோபத்தில் இறுக்கினேன். அது லாரிக்காக இல்லை.

பக்கத்து வீட்டு ஜரீனாவிடம், கதவில் இடித்துக்கொண்டாள் என்று சொன்னேன்.

நவம்பர் 6, வியாழன்

காலை ஏழுக்கு வெயில். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இருபது நிமிடம் உட்கார்ந்தாள். தெருவில் போகிற எல்லோரையும் "சாப்டீங்களா" என்று விசாரித்தாள். பிறகு மேகம்.

ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன். லாரி போகிற ரோடு, கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். மூன்று வாளித் தண்ணீர். துடைத்த பிறகு கூடத்தில் சாமி படத்துக்குக் கீழே ஒட்டடை இருப்பது தெரிந்தது. அதையும் அடித்தேன்.

ம. பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்ஸ்பெக்சனா?" என்றாள்.

வாங்க: பினாயில், பூண்டு, பால் பவுடர், அவளுக்கு நைட்டி 2 (முன்னால் பட்டன் வைத்தது).

நவம்பர் 7, வெள்ளி

மழை. தூக்கம்: 11–1, 3.30–4.30. மாலை மோசம். என் கன்னத்தில் அடி. கண்ணாடியின் ஒரு காது உடைந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. கவிதா வந்தாள். எங்களுக்கு ஒரே பெண், கோயம்புத்தூரில் வேலை. காலை வந்து மாலை கிளம்பினாள். அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டவள் அவள்தான். குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் முகம் மாறியிருந்தது.

"அம்மா கையில என்னப்பா?"

"கதவுல இடிச்சிக்கிட்டா."

"கதவுல இடிச்சா அஞ்சு விரல் பதியுமா?"

தட்டுகளை எடுத்து வைத்தேன். அவள் மேலே கேட்கவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. சாப்பிட்ட பிறகு மெதுவாகப் பேசினாள். திருச்சியில் மறதி உள்ளவர்களுக்கென்றே ஓர் இல்லம். போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இடம் காலியாக இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும்.

"உங்களக் குத்தம் சொல்லலப்பா. உங்களால முடியல. அவ்வளவுதான்."

"அந்த லைட்ட ஒரு தடவ பாத்துரலாம்" என்றேன். எனக்கே அது சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டது. அவள் மறுக்கவில்லை. போனிலேயே ஆர்டர் போட்டாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பம்" என்றாள். கிளம்பும்போது அம்மாவின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 12, புதன்

தூறல். லைட்டு வந்துவிட்டது. பெரிய ஸ்லேட்டு அளவு, பின்னால் ஒரு கால். பட்டனைத் தட்டினால் கூடமே வெளுத்துப் போகிறது. பஸ்ஸின் ஹைபீமை நேரே பார்த்த மாதிரி.

இன்று காலையே வந்ததால் உடனே முயற்சி. ம. எதிரே இரண்டு நிமிடம்கூட உட்காரவில்லை. "எதுக்கு என் மூஞ்சில அடிக்கிறீங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள். எழுந்து போய் சுவிட்சை அணைத்துவிட்டாள். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அணைத்தாள். மூன்றாவது தடவை அழுதுவிட்டாள். நிறுத்தினேன்.

போலீஸ் விசாரணை மாதிரி இருந்திருக்கும் அவளுக்கு.

நவம்பர் 13, வியாழன்

மழை விடவில்லை. இன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கவேண்டும்.

காலை ஏழு. அவள் அடுப்படியில் இருந்தபோது, ஒழுங்காக எரிகிறதா என்று பார்க்க மேஜைமேல் லைட்டை வைத்துப் போட்டேன். பனியன், வேட்டியோடு அதன் எதிரே நான். அவள் வாசற்படியில் வந்து நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு இப்படி வச்சது?"

நேற்று அழுத குரல் இல்லை. வார்டில் ஆயாவைக் கேட்கிற குரல். எனக்குத் தெரிந்த பழைய குரல்.

"கண்ணக் கட்டாம லைட்டுல வைக்கலாமா? கண்ணு என்னத்துக்கு ஆவும்?"

எனக்குப் புரிய நேரமாயிற்று. பிறந்த சில நாளில் மஞ்சள்காமாலை காணுகிற குழந்தைகளை வார்டில் இந்த மாதிரி வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். துணியைக் கழற்றி, கண்ணுக்குமட்டும் கட்டுப் போட்டு. அவளே எனக்கு எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறாள், நேற்று முழுக்க எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

பீரோவிலிருந்து என் கைக்குட்டை இரண்டை எடுத்து வந்தாள். நான்காக மடித்தாள். விரல்கள் தடுமாறவே இல்லை. சட்டைப் பட்டனைப் போடத் தெரியாத அதே விரல்கள். என் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கண்ணைக் கட்டினாள். முடிச்சு காதுக்குப் பின்னால் உறுத்தாமல்.

"பெரியவரே, பனியனக் கழட்டுங்க. மேலுக்குப் படணும்."

"குளுருதே" என்றேன்.

"கொஞ்ச நேரந்தான். ஆடாம இருங்க."

கழற்றினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற சத்தம் கேட்டது. என் கை கண்கட்டை நோக்கிப் போனபோதெல்லாம் ஒரு தட்டு. "தொடக் கூடாதுன்னேன்ல."

அரைமணி நேரம். கண்ணைக் கட்டிக்கொண்டு வெற்றுடம்போடு நான். கண்ணைத் திறந்துகொண்டு வெளிச்சத்துக்குள் அவள். பேஷண்டை விட்டுவிட்டு எழுந்து போகவில்லை.

ஜரீனா பால் கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாளாம். "என்னண்ணே இது கோலம்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ம. சொன்னாள்: "பேஷண்டுக்கு லைட்டு வச்சிருக்கு. அட்டெண்டர் வெளிய நில்லும்மா."

"சரிங்க சிஸ்டரம்மா" என்றாள் ஜரீனா. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ம. கையில் பிறந்தவை. அதனால் பழக்கம்.

நவம்பர் 14, வெள்ளி

டாக்டரம்மாவுக்கு போன். பேஷண்ட் நான் ஆன கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, "அவங்க கண்ணு திறந்திருக்கில்ல? வெளிச்சம் அவங்க மூஞ்சில படுதா?" என்றார்.

பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள் என்றேன்.

"அப்ப லைட்ட உங்க தோளுக்குப் பக்கத்துல நகர்த்துங்க. உங்களப் பாக்கறப்ப அவங்களுக்கு நேரா படற மாதிரி. அவங்கள ஏமாத்தறமேன்னு நினைக்காதீங்க. பயமில்லாம உக்கார்றாங்கல்ல, அதுதான் முக்கியம்."

அப்படியே செய்தேன். மேஜையை வலதுபக்கம் தள்ளி, அவள் நாற்காலியை எனக்கு எதிரே போட்டு, தரையில் சாக்பீஸ் கோடு. அவள் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டாள்.

பதினைந்து நிமிடத்தில் என்னைத் திரும்பச் சொன்னாள். குழந்தையைத் திருப்பிப் போடுவார்களாம். அரைமணியில் பாதி நேரம் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

கண் கட்டியிருக்கும்போது காது கூர்மையாகிவிடுகிறது. அவள் மூச்சு, சேலை சரசரப்பு, தெருவில் வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். ஒரு தடவை எதையோ எண்ணினாள். என் நாடித்துடிப்பு. கையில் கடிகாரம் இல்லை, எண்பது என்று சொன்னாள்.

நவம்பர் 16, ஞாயிறு

நான்காவது நாள். தூக்கம்: 10.30–1, 2.30–4. பகலில் 2 மணி. மாலை: அதே. பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு ஜலதோஷம். பனியனுக்கு அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

விக்கிரமங்கலத்திலிருந்து தம்பி போன். அண்ணிக்கு மந்திரிக்கலாமா என்றான். லைட்டு வைத்திருக்கிறோம் என்றேன்.  "அதுவும் நல்லதுதான்ணே" என்றான்.

பனியனுக்கு இன்று அனுமதி. காரணம் சொல்லவில்லை.

தூ: 10–1.30, 2–4.30.

நவம்பர் 19, புதன்

மாதாந்திர பராமரிப்பு, காலை முதல் கரண்ட் இல்லை. வெளியே மூட்டம். லைட்டு இல்லை. ம. ஏழு மணிக்குச் சரியாக நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கரண்ட் இல்லை என்றால் பிடிபடவில்லை. என்ன வரவில்லை என்று தெரியாமல் எதற்கோ காத்திருந்தாள்.

பகலில் மூன்று மணி நேரம் தூங்கினாள். எழுப்ப மனம் வரவில்லை. நானும் தூங்கிவிட்டேன். தப்பு.

மாலை மிக மோசம். கேட்டைப் பிடித்து உலுக்கினாள். நான் கத்தினேன். "டூட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று கத்தினேன். ஜரீனா ஓடிவந்தாள்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் கடைப் பக்கம் போயிட்டு வாங்க. நான் இருக்கேன்."

போனேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். டீ. ஆறரை பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புதுப் பையன் ஓட்டுகிறான், கிளட்சை மெதுவாக விடத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது கூடத்தில் ம., ஜரீனாவின் மடியில் தலை. ஜரீனா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லண்ணே. அழுதாங்க. நின்னுருச்சு. எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு மட்டும் இனிமே அவங்ககிட்ட சொல்லாதீங்க."

திருச்சி இல்லத்தின் நம்பர் கவிதா அனுப்பியது போனில் இருக்கிறது. இன்று அதை இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

நவம்பர் 20, வியாழன்

கரண்ட் இருக்கிறது. லைட்டு 7.00–7.30. பகல் தூக்கம் ஒரு மணி. பத்து மணிக்கு மேல் ம. தலை சாய்ந்தபோதெல்லாம் ஜரீனா வெங்காயம் உரிக்கக் கொடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் மூன்று நாளைக்குப் போதுமான வெங்காயம்.

நவம்பர் 22, சனி

மழை விட்டது. தூ: 10–4.30. எழுந்தது ஒரே தடவை, பாத்ரூம் போய்விட்டு அவளே வந்து படுத்தாள். எழுதிவிட்டு ஒருமுறை சரிபார்த்தேன். உண்மைதான்.

மாலை ஐந்தரை. டூட்டி. பேக், சீப்பு. "ஆறரை பஸ் போயிடும்."

இன்று வழியை மறிக்கவில்லை. கத்தவும் இல்லை. சோர்வில்லாமல் இருந்ததால் யோசிக்க முடிந்தது என்று நினைக்கிறேன். நானும் தூங்கியிருக்கிறேன் அல்லவா.

"எப்படிப் போவும்? டிரைவரு நான் இங்கதான இருக்கேன்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா இன்னிக்கு?"

"ஆமா. இன்னும் சாப்டல. சாப்ட்டுதான் வண்டி எடுக்கணும்."

"சொல்றதில்லையா" என்றாள். பேக்கைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தட்டை எடுத்துத் துடைத்து என் முன்னால் வைத்தாள். தட்டில் ஒன்றும் இல்லை. காலையில் வைத்த ரசம் சோற்றை நானே போட்டுக்கொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மெல்லமா சாப்டுங்க, நேரமிருக்கு" என்றாள். அவளுக்கும் ஊட்டினேன். எட்டு மணிக்குக் கொட்டாவி விட்டாள். பஸ்ஸைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

கல்யாணமான புதிதில் ரூட்டில் இருவரும் ஒரே பஸ்ஸில் போகிற நாளில், கடைசி ஸ்டாப்பில் இறங்கும்போது திரும்பிப் பார்க்காமல் சொல்வாள்: "போயிட்டு வரேன் டிரைவர் சார்." கண்டக்டர் சிரிப்பான். அதெல்லாம் எழுதி என்ன.

நவம்பர் 25, செவ்வாய்

பெரம்பலூர். தாளைக் காட்டினேன். டாக்டரம்மா வரி வரியாகப் படித்தார். 19-ம் தேதியில் விரல் வைத்தார். கரண்ட் இல்லை, நானும் கத்திவிட்டேன் என்றேன்.

"ஒரு நாள் விட்டதுக்கே இப்படின்னு முடிவு பண்ண வேண்டாம். பகல் தூக்கமும் சேந்திருக்கும், உங்க கோவமும் சேந்திருக்கும். ஆனா மொத்தமாப் பாத்தா நல்லாத்தான் போவுது. தொடருங்க."

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார். யாரும் கேட்காத கேள்வி. மணிக்கட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ம. பக்கத்தில் உட்கார்ந்து காலண்டர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "அந்த மாதிரி கோவம் வரப்ப யார்கிட்ட விட்டுட்டு வெளிய போவீங்க, ஒரு பேரு சொல்லுங்க" என்றார்.

"ஜரீனா."

"அவங்ககிட்ட முன்னாடியே கேட்டு வச்சிக்குங்க. மகள்கிட்டயும் சொல்லிடுங்க."

திரும்பும்போது எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் வழியை அடைத்து அரைமணி தாமதம். ம. தூங்கிவிடக் கூடாது என்று வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தேன். ஒரே கதையை நான்கு தடவை சொன்னேன். நான்கு தடவையும் புதிதாகச் சிரித்தாள்.

நவம்பர் 29, சனி

கவிதா வந்திருக்கிறாள். ராத்திரி தங்கல். மாதக் கடைசி.

காலை ஏழு. நான் நாற்காலியில். ம. கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். கவிதாவிடம் போனிலேயே எல்லாம் சொல்லியிருந்தேன். இருந்தும் நேரில் பார்த்ததும் நடையிலேயே நின்றுவிட்டாள் போல. காலடிச் சத்தம் நின்றது.

"யாரது? புதுசா வந்த புள்ளையா?" ம. குரல்.

"ஆமா சிஸ்டர்" என்றாள் கவிதா.

"வந்து பாரு. முடிச்சு இந்தப் பக்கம் வரணும். இறுக்கக் கூடாது. வயசானவங்க தோலு, புடிச்சாலே நீலம் பாயும்."

 கட்டுக்குள் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் என்னைச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். பொதுவாகத்தான் சொன்னாள்.

"எங்க, நீ ஒரு தடவ கட்டு."

கவிதாவின் விரல்கள் என் காதருகே. முடிச்சு ஒருமுறை அவிழ்ந்தது, மறுபடி போட்டாள். ம. சரிபார்த்துவிட்டு, "பரவால்ல. பழகிடும்" என்றாள். மூன்று பேரும் அந்த வெளிச்சத்தில் அரைமணி நேரம்.

பிறகு அடுப்படியில் கவிதா அழுதாள். "என்னத் தெரியலப்பா அவங்களுக்கு."

"தெரியல. ஆனா கத்துக் குடுத்தா பாத்தியா."

"குடுத்தாங்க" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சொன்னேன். நீ கேட்டது சரிதான், அது என் விரல்தான், கதவில்லை என்றேன். அன்று நடந்ததை லாரியிலிருந்து கடைசிவரை சொன்னேன். பாதியில் அவள் என் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா. நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

களைந்த அரிசியை உலையில் போட்டாள்.

மதியம் ஜரீனாவும் வந்தாள். மூவரும் பேசி முடிவு: ஜரீனா தினமும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ம.வோடு இருப்பாள், நான் வெளியே போய் வரலாம். மாலை எனக்கு முடியாவிட்டால் கேட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கவிதா மாதம் இரண்டு தடவை வருவாள். திருச்சி இல்லத்துக்கு இப்போதைக்கு இல்லை என்று அவளே போன் பண்ணினாள். பெயரைமட்டும் வைத்திருக்கச் சொன்னாள். அது சரிதான். நானும் சொல்லியிருப்பேன்.

"அல்லா லேசாக்கித் தருவான்ண்ணே" என்றாள் ஜரீனா, போகும்போது.

மாலை டூட்டி இருந்தது. இருபது நிமிடம். ஆனால் இன்று டிரைவர் கதை செல்லவில்லை. "நீங்க டிரைவரே இல்ல" என்றுவிட்டாள். கவிதா கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடத்திக் கூட்டிவந்தாள். பிறகு சரியாயிற்று.

நவம்பர் 30, ஞாயிறு

கவிதா கிளம்பினாள். லைட்டின் ஒயரைச் சுவரோடு ஒட்டிவிட்டுப் போனாள், கால் தடுக்காமல்.

தூ: 10–3.30, 4–5. எழுந்தது 2.

வாங்க: ஒட்டு டேப், சோப்பு, மெல்லிசான கைக்குட்டை 4.

டிசம்பர் 2, செவ்வாய்

தூறல் விட்டு விட்டு. லைட்டு 7.00.

கட்டுப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் இருக்கும். ம. என் கீழ்க்கண் பக்கம் துணியை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள்.

"மஞ்சள் இறங்கிருச்சு. வூட்டுக்கு அனுப்பிரலாம் பெரியவரே."

 பேஷண்ட் போய்விட்டால் நாளை காலை இங்கே யார் உட்காருவது. 

"வூட்டுல யாரு இருக்கா உங்களுக்கு?"

"சம்சாரம் இருக்கா."

"நல்லாப் பாத்துக்குவாங்களா?"

"பாத்துக்குவா."

"அவங்களுக்கு உடம்பு சவுரியமா?"

"தூக்கந்தான் ரொம்ப நாளா சரியில்லாம இருந்துச்சு. இப்பப் பரவால்ல."

அவள் யோசிக்கிற சத்தம் கேட்டது என்றுதான் சொல்லவேண்டும். நாற்காலியை முன்னால் இழுத்தாள். என் முழங்கால்மேல் கையை வைத்தாள்.

"அப்படின்னா அவங்களையும் கூட்டிட்டு வாங்க. நாளைக்குக் காலைல. நான் இருப்பேன்."

கூட்டிவருகிறேன் என்றேன்.